மறதிக்காரர் என்று எழுதப்பட்டவர்

அவர் போய்விட்டார் என்று நாம் மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்து நிற்பார். படியில் ஒரு கால், தெருவில் ஒரு கால். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஏனுங்க நர்சம்மா, அந்தக் கண்வலிக்கார அம்மாளுக்கு வலது கண்ணுன்னு சொன்னனா, எடது கண்ணுன்னு சொன்னனா?" என்பார். "ரெண்டு கண்ணுலயும் விடச் சொன்னீங்க அண்ணா" என்பேன். "ரெண்டுமா?" என்று யோசிப்பார். என் பேச்சை நம்பாமல் அந்த அம்மாளின் வீட்டுக்கே நடந்து போய்க் கேட்டுவிட்டு வந்த பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும்.

நாமக்கல்லுக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். அங்கே இருந்த தர்ம ஆஸ்பத்திரியில் அவர் கம்பவுண்டர். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்னால் நான் அங்கே நர்சாகப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு வயது இருபத்திரண்டு. சேலத்தில் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆகவே நானும் பயந்து பயந்துதான் நடந்தேன், ஆனால் அவருக்கு முன்னால் என் பயம் எம்மாத்திரம்.

சேர்ந்த அன்றைக்கே, என் பெயரைக்கூடக் கேட்காமல், கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். ஓரங்கள் நைந்து போயிருந்தன. உள்ளே ஓர் இங்கிலீஷ் வார்த்தை, தமிழ் எழுத்தில்: ஆப்ஸென்ட் மைண்டட்.

"சேலத்துல இங்கிலீசு படிச்சிருப்பீங்க. இதுக்கு என்னங்க அர்த்தம்?"

"ஞாபக மறதிக்காரர்னு சொல்லலாம்" என்றேன்.

"மறதின்னா வயசானா வர்றதுங்களா, திமிர்ல வர்றதுங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. காகிதத்தைப் பழையபடி மடித்து வைத்துக்கொண்டார். அதன் கதையை ஒரு வாரம் கழித்து டாக்டரே சொன்னார்.

அந்தக் காலத்தில் தர்ம ஆஸ்பத்திரியில் மருந்துதான் தர்மம், சீசா அவரவர் கொண்டு வர வேண்டும். கம்பவுண்டர் அதில் மருந்தை ஊற்றி, வெளியே ஒரு காகிதத் துண்டை வேளைக்கு ஒரு வெட்டு வெட்டி ஒட்டிக் கொடுப்பார். படிக்கத் தெரியாதவர்களும் வெட்டைப் பார்த்து ஒரு வேளை மருந்து குடித்துக்கொள்ளலாம். சந்தை நாள் கூட்டத்தில் ஒரு குடியானவருக்கு அந்தக் காகிதத்தை ஒட்டாமல் சீசாவைக் கொடுத்துவிட்டார் நம்மவர். அந்த மனிதர் எட்டு வேளை மருந்தையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஒன்றரை நாள் தூங்கினார். எழுந்ததும், "இப்படித் தூங்கி எத்தனை வருசமாச்சுங்க" என்று அதே மருந்தைக் கேட்டு மறுபடி சீசாவோடு வந்தாராம். ஊரே சிரித்தது. டாக்டர் மட்டும் சிரிக்காமல் கம்பவுண்டரின் சர்வீஸ் புத்தகத்தில் அந்த இங்கிலீஷ் வார்த்தையை எழுதி, இன்னொரு தரம் இது எழுதப்பட்டால் வேலை இருக்காது என்றும் வாயால் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து பிடித்தது அவருக்கு. அந்த வார்த்தைக்குப் பொருள் தெரிந்துவிட்டால் அதிலிருந்து தப்பித்துவிடலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. போர்டு ஸ்கூல் ஹெட்மாஸ்டரைக் கேட்டார். "உடம்பு வகுப்பில் இருக்கும், மனசு மாங்காய் மரத்தில் இருக்கும். பசங்களுக்கு வரும்" என்று ஹெட்மாஸ்டர் சொன்னதில் இரண்டு நாள் மனம் உடைந்து கிடந்தார். எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் ஒருமுறை பல்வலிக்கு வந்தபோது அவரைக் கேட்டார். "பெரிய படிப்பாளிகளுக்கு அப்படித்தான் இருக்கும். ஒன்றையே யோசித்துக்கொண்டிருப்பார்கள், கால் செருப்பு எங்கே என்று தெரியாது. கெட்ட வார்த்தை இல்லை அப்பா" என்றார் சாமியார். அன்றைக்கு முழுக்க நம்மவர் முகத்தில் ஒரு தெளிச்சி. நாமக்கல்லில் ஒரு வக்கீல் குமாஸ்தா அதைக் கெடுத்தார். "குத்தமில்லீங்க. ஆனா ஏதாச்சும் குத்தம் நடந்துச்சுன்னா, இந்த வார்த்தைதான் மொதல்ல கூண்டுல ஏறும்" என்றாராம்.

டாக்டர் ஒருநாள் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே அறை முழுக்க அதைத் தேடினார். நான் காட்டியதும், தான் எவ்வளவு ஆப்ஸென்ட் மைண்டட் ஆகிவிட்டோம் என்று இங்கிலீஷில் சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். மருந்து அறையில் கம்பவுண்டர் உரலில் இடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

பிறகு நம்மவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பாத்தீங்களா நர்சம்மா. அவருக்கு வந்தா சிரிப்பு. எனக்கு வந்தா ரிமார்க்கு."

நாளடைவில் அவர் அதை ஒரு வியாதியின் பெயரைப் போலவே பேச ஆரம்பித்தார். "நேத்து சாயந்திரம் கொஞ்சம் ஆப்ஸென்ட் மைண்டட் இருந்துச்சுங்க. காத்தாலெ தேவலை" என்பார். நடுரோட்டில் அசையாமல் நிற்கும் எருமையைப் பார்த்து, "அதுக்கும் இருக்குதுங்க" என்பார். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். விஷ மருந்து அலமாரியைப் பூட்டுவார், பூட்டை இழுத்துப் பார்ப்பார், பத்தடி போவார், வந்து மறுபடி இழுப்பார். "அண்ணா, பூட்டு கையோட வந்துரப் போகுது" என்று நான் கேலி செய்ததுண்டு. மனுஷன் ராப்பகலாகத் தன்னைத்தானே காவல் காத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அந்த வயதில் உறைக்கவில்லை.

அந்தக் காவலில் அவர் கண்டுபிடித்ததுதான் சிவப்புக் கயிறு.

குடிக்கிற மருந்தும் மேலுக்குத் தடவுகிற தைலமும் ஒரே மாதிரி சீசாவில் ஒரே வீட்டுக்குப் போகும். மூட்டு வலித் தைலத்தில் விஷச் சரக்கு சேர்ந்திருந்தது. பெரியவர்கள் குடித்தாலே ஆபத்து, குழந்தை குடித்தால் பேச்சே இல்லை. எழுதி ஒட்டினால் படிக்க ஆள் வேண்டும். ஆகவே சேலம் அம்மாபேட்டை நெசவாளர்களிடமிருந்து சாயம் போட்ட சிவப்பு நூல் ஒரு கண்டு வரவழைத்து, தைல சீசாவின் கழுத்தில் மட்டும் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டத் தொடங்கினார். மறந்து விடுவோமோ என்ற பயத்தில், ஒவ்வொரு முடிச்சுக்கும் கண்ணை மூடிக்கொண்டு, "மேலுக்கு... மேலுக்கு... மேலுக்கு" என்று வாய்க்குள் முணுமுணுப்பார். பிறகு சீசாவைக் கொடுத்து, "செவப்புக் கயிறு கட்டுனதை வாயில வெக்கப்படாதுங்க, மேலுக்குத் தடவோணும்" என்று இரண்டு தரம் சொல்வார். அவர்கள் ரோட்டுக்குப் போன பின் ஓடிப்போய் மூன்றாவது தரமும் சொல்வார். டாக்டரே ஒருநாள், "இது நல்ல ஏற்பாடு" என்றார். அந்த மூன்று சொல்லுக்கு அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

நான் சொல்லப்போகும் நாள் ஒரு வியாழக்கிழமை, சந்தை நாள். டாக்டர் ஒரு கேஸில் சாட்சி சொல்ல நாமக்கல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். காலையில் மூன்று மைல் தள்ளியிருந்த ஒரு தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, கக்குவான் போல இருமல். குழந்தைக்கு இருமல் மருந்து, மாமனாருக்கு முழங்கால் வலித் தைலம் என்று கேட்டாள். ஒரே மாதிரி இரண்டு பழுப்புச் சீசா கொண்டு வந்திருந்தாள். அவர் இரண்டையும் நிரப்பி, இரண்டுக்கும் ஒரே மாதிரி அளவுக் காகிதம் ஒட்டி, தைல சீசாவுக்குக் கண்ணை மூடி மூன்று முடிச்சுப் போட்டார். அவளும் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். வழக்கம்போல ரோடுவரை ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

பிற்பகல் வேறு ஊரிலிருந்து இன்னொரு பெண், கைக்குழந்தைக்குச் சிரங்கு என்று வந்தாள். நான் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் களிம்பு டப்பாவோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குழந்தையின் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு, மூன்று முடிச்சு.

"ஏனம்மிணி, இந்தக் கவுறு ஏது?"

"நீங்க மந்திரிச்சுக் குடுத்ததுதானுங்க சாமி" என்றாள் அவள், ஏதோ பரிசு பெற்றவள் போல. "போன மாசம் எங்க ஊட்டுக்காரருக்கு இடுப்புப் புடிப்புன்னு தைலம் வாங்குனமுங்க. சீசால கட்டியிருந்துச்சு. அவிழ்த்துப் புள்ளைக்குக் கட்டுனனுங்க. ராத்திரிப் பயந்து அழுவறது நின்னு போச்சு."

"சீசாலிருந்தா அவிழ்த்தே?"

"சீசாவுக்கு எதுக்குங்க காப்பு? எங்க பக்கத்துல எல்லாருமே புள்ளைக்குத்தான் கட்டறாங்க. நீங்க கண்ணை மூடி மந்திரம் சொல்றதை நாங்க பாக்கறமுங்கல்ல?"

களிம்பு டப்பா கீழே விழுந்தது. காலையில் வந்தவளின் கும்பிடு எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அவள் கும்பிட்டது கம்பவுண்டரையோ மருந்தையோ அல்ல, கயிற்றை. இருமுகிற குழந்தை இருக்கும் வீட்டில் அந்தக் கயிறு எங்கே இருக்கும்? சீசாவின் கழுத்திலா இருக்கும்?

"ரெண்டு சீசாவும் ஒண்ணுபோலங்க நர்சம்மா" என்றார். "ஒண்ணுபோல..."

யாருடைய சைக்கிளை எடுத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "யாராச்சும் வந்தா என்ன சொல்றது அண்ணா?" என்று நான் வாசலில் நின்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் திரும்பிப் பார்க்காமல் போனதை நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு கார் வந்து நின்றது. சேலத்திலிருந்து மேலதிகாரி, சொல்லாமல் கொள்ளாமல் தணிக்கைக்கு வந்துவிட்டார். டாக்டர் கோர்ட்டில் இருக்கிறார் என்றேன். அதற்குக் காகிதம் இருந்தது. நேரே மருந்து அறைக்குள் போனார். தரையில் களிம்பு சிதறியிருந்தது. விஷ மருந்து அலமாரியின் பூட்டில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

"கம்பவுண்டர் எங்கே?"

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு நொடியில் ஆயிரம் யோசித்தேன். ஒரு குழந்தை விஷத் தைலம் குடித்திருக்கலாம் என்று சொன்னால் போலீஸ் வரும். கயிறு கட்டியவர் அவர் என்றால் அவர் கைக்கு விலங்கு வரும். காலையில் பக்கத்தில் நின்றிருந்தவள் நான் என்றால் எனக்கும் வரும். சேலத்தில் அப்பாவின் கட்டில் என் கண்ணுக்குத் தெரிந்தது. எனக்குப் பயம். வேறு எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அது பொய். சிரித்துவிட்டுப் போய்விடக்கூடிய ஒரு சின்னக் குற்றமாகச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தேன். டாக்டர் தன்னைப் பற்றிச் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது. அதே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இங்கிலீஷிலேயே சொன்னேன், எதையோ மறந்துவிட்டு எடுக்கப் போயிருக்கிறார், அவர் கொஞ்சம் ஆப்ஸென்ட் மைண்டட், சார் என்று.

அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டார். பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். அலமாரிச் சாவியைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். அவர் எழுதும் சத்தம் எனக்குக் கேட்டது.

பொழுது சாயும் நேரத்தில் நம்மவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கோட்டுப் பைகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சீசா. முகம் புழுதியும் கண்ணீருமாக இருந்தது, ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"புள்ளை நல்லாருக்குதுங்க நர்சம்மா! தூளியில தூங்குதுங்க!" படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் போறப்ப அந்தப் பெரியவரு வாசல்ல உக்காந்து என்னையத்தான் வைஞ்சிட்டிருக்காரு. என்ன கருமத்தைக் குடுத்தீங்க, தடவுனா எரியவே இல்ல, பிசுபிசுங்குது, காலெல்லாம் எறும்பு மொய்க்குதுங்கறாரு. இருமல் மருந்துங்க! அதிமதுரப் பாகை முட்டியில தடவிட்டு உக்காந்திருக்காரு. அப்படின்னா இன்னொரு சீசா எங்கேன்னு உள்ளே ஓடுனனுங்க. தூளிக்குப் பக்கத்துல, சங்குலயே ஊத்தி ரெடியா வெச்சிருந்துச்சு அந்தப் பொண்ணு. புள்ளை எந்திரிச்சதும் குடுக்கலாம்னு. கயிறு புள்ளை கையில..."

முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கிற்று. எனக்கு அங்கேயே தரையில் விழுந்து செத்துவிடலாம் போலிருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆரோ கார்ல வந்தாங்களாமே?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தை உட்படச் சொன்னேன். அதையாவது மறைக்காமல் சொன்னேன் என்பதுதான் எனக்கிருக்கும் ஒரே ஆறுதல்.

அவர் கோபப்படவில்லை. எழுந்து போய் அலமாரியைப் பார்த்தார். "சாவியைப் பூட்டுலயே உட்டுட்டுத்தான் போயிருக்கறனுங்க" என்றார். "அப்ப எழுதுனது சரிதானுங்களே."

"சரியில்லை அண்ணா. நாளைக்கு டாக்டர்கிட்ட நானே நடந்ததைச் சொல்றேன்."

மறுநாள் டாக்டர் வந்தார். இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். மேலதிகாரியிடம் நர்ஸ் சொன்னது உண்மையா என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதிகாரிக்குப் பொய் சொன்ன நர்சை எந்த ஆஸ்பத்திரி வைத்துக்கொள்ளும்? அது எனக்குத் தோன்றிய அதே நேரத்தில் அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். என்னை முந்திக்கொண்டு சொன்னார்: "நர்சம்மா சொன்னது சரிதானுங்க. மறந்துட்டேனுங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன். நடந்ததை இப்படி முழுதாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

வேலையை விட்டு நிறுத்தும் உத்தரவு வர ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் அவர் சாயந்திரம் சாயந்திரம் கிராமம் கிராமமாகப் போனார். தைலம் வாங்கிய வீடுகளையெல்லாம் ஞாபகத்திலிருந்தே சொன்னார். ஒரு வீடு விடவில்லை. சிவப்புக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். ஆகவே கயிற்றை விட்டுவிட்டுச் சீசாவை மாற்றினார். தைல சீசாவின் கழுத்தில் இரண்டு அங்குல வேலமுள்ளை வைத்துச் சணலால் இறுக்கிக் கட்டினார். "முள்ளை ஆரும் புள்ளைக்குக் கட்ட மாட்டாங்க பாருங்க. இருட்டுல எடுத்தாலும் கையில குத்தும்" என்று எனக்கு விளக்கினார். முடிச்சுப் போடும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார், ஒரு முணுமுணுப்பு வெளியே வராதபடி.

போகிற அன்றைக்கு ஒரு தகரப் பெட்டி, குடை, அவ்வளவுதான். திருச்செங்கோட்டுப் பக்கம் தம்பி தோட்டத்துக்குப் போவதாகச் சொன்னார். அவர் காலில் விழ வேண்டும் என்று நினைத்தேன். "போய்ட்டு வாங்க அண்ணா" என்று மட்டும் வந்தது. "வாரேனுங்க நர்சம்மா" என்று பஸ் நிற்கும் ரோட்டைப் பார்த்து நடந்தார். நான் மருந்து அறைக்கு வந்து, புது ஆள் வரும்வரை என் பொறுப்பில் இருந்த விஷ மருந்துகளை எண்ணி வைத்துக்கொண்டே அழுதேன்.

படியில் நிழல் தட்டியது. அவர்தான். படியில் ஒரு கால், தெருவில் ஒரு கால், கக்கத்தில் குடை. தூரத்தில் பஸ்ஸின் சத்தம் கேட்டது. கடைசியில் கேட்டுவிடப் போகிறார், ஏன் அம்மா அப்படிச் சொன்னாய் என்று கேட்டுவிடப் போகிறார் என்று பயந்தேன்.

"ஏனுங்க நர்சம்மா" என்றார். "அலமாரியைப் பூட்டியாச்சுங்களா?"

"பூட்டியாச்சு அண்ணா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு, நிம்மதியாக, பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். என் பேச்சை அவர் போய்ப் பார்க்காமல் நம்பியது அன்றைக்குத்தான். பஸ் போன பிறகு திரும்பிப் பார்த்தேன். அலமாரிக் கதவு திறந்தே கிடந்தது, சாவி பூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.